பட்டங்களைத் திருப்பியனுப்பிய நீதிபதி

ஆவடி என்றதும், தேசிய இயக்கத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு 1955-ம் வருஷம் ஜனவரி மாதம் நினைவுக்கு வரும். சென்னைக்கு மேற்கே ரயில் பாதையை அடுத்துள்ள அவ்வூரில், சத்தியமூர்த்தி நகர் எனப் பெயர் சூட்டப்பெற்ற இடத்தில், இந்திய தேசியக் காங்கிரஸின் 60-வது மகாசபை ஸ்ரீ யு. என். தேபர் தலைமையில் கூடிற்று. சோஷலிஸ மாதிரியில் அமைந்த சமுதாயமே தேசத்தின் குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. சுதந்திர தேசத்தின் ஆளுங் கட்சி தன் போக்கை வகுத்துக்கொண்ட அந்தச் சபையை ஆவடிவாசிகள் பெருமையோடு நினைவுகூர்வது இயல்பே.

ஆனால் ஆவடியில் பெருமரமாய் நின்ற அந்த ஸ்தாபனம் விதையாயிருந்த காலத்தையும் நாம் மறத்தலாகாது. அதற்கு 69 வருஷங்களுக்கு முன், 1885-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி, பம்பாயில் கோகுலதாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கலாசாலையில் முதற் காங்கிரஸ் கூடியபோது, வந்திருந்த பிரதிநிதிகளின் தொகை 72 தான். அவர்களுள் சென்னை ராஜதானியிலிருந்து சென்ற சுப்பிரமணிய ஐயர்கள் இருவர் இருந்தனர். ஒருவர் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்த ஜி. சுப்பிரமணிய ஐயர். ஹிந்துப் பத்திரிகையை நடத்தியவரும், 1882-ல் சுதேசமித்திரனைத் தோற்றுவித்தவருமான அவரைத் தமிழ்நாடு நன்கறியும். மற்றவர் மதுரையிலிருந்து அவ்வருஷந்தான் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த வக்கீல் எஸ். சுப்பிரமணிய ஐயர். பின்னாளில் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாகிப் பன்னிரண்டு வருஷம் நியாயம் வழங்கியவர் இவரே. பெயர் ஒற்றுமையால் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்வாரும் உண்டு. இரண்டாமவரின் வாழ்க்கையைப் பற்றியும், அவர் விட்டுச் சென்ற எழுத்துக்களைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

அவ்வெழுத்துக்கள் இரு வகைப்பட்டவை. நீதிபதியாயிருந்து அவர் எழுதிய தீர்ப்புக்கள் ஒரு வகை. சென்னை வரிசைச் சட்ட அறிக்கைகளில் 18-ம் தொகுதி முதல் 30-ம் தொகுதி வரை அவை விரவிக் கிடக்கின்றன. மற்றொரு வகை, ஓய்வுபெற்றுப் பத்து வருஷங்கள் கழிந்தபின், தம்முடைய 74-வது வயதில், அமெரிக்க ஜனாதிபதிக்கு அவர் எழுதிய ஒரே ஒரு கடிதம். முன்னவற்றுக்காக சர்க்கார் அவருக்குப் பட்டங்கள் அளித்தது. பின்னதற்காக அவரைக் கடிந்து பேசியது. அந்தக் கடிதமும் ஒரு நீதிபதியின் தீர்ப்பே என்பதும், அவருடைய தீர்ப்புக்களில் தலையாயது அதுவே என்பதும் நமது அபிப்பிராயம்.

சுப்பிரமணிய ஐயர் 1842-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி மதுரை ஜில்லாவில் பிறந்தார். தந்தையார் சூரவல்லி சுப்பையர் ராமநாதபுரம் ஜமீனுக்காக வழக்கு விவகாரங்களைக் கவனித்து வந்தவர். குழந்தைக்கு இரண்டு வயதாகுமுன் அவர் காலமானார். தாயாரும் தமையனாருமே இவரை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். மதுரையில் பாதிரிமார் நடத்திய பள்ளியிலும், பின்னர் ஜில்லாப் பள்ளியிலும் பயின்று 1859-ல் படிப்பை முடித்துக்கொண்டு குமாஸ்தா உத்தியோகத்தில் அமர்ந்தார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற ஏழைப் பிள்ளைக்கு அதுவே போதிய பாக்கியம் என்று கருதப்பட்டது.

அவர் அதோடு நின்றாரில்லை. குமாஸ்தா வேலையிலிருந்துகொண்டே வக்கீல் பரீட்சைக்குத் தாமே படித்து, தேறியவர்களில் முதல்வராக வந்தார். ஆயினும் தொழில் நடத்துவதற்குரிய சன்னது அவருக்குக் கிடைக்கவில்லை. தேர்ச்சியிருந்தும் வாயில் அடைபட்டது. 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏற்பட்டபின் மதுரைக் கலெக்டர் அவரைச் சர்க்கார் தரப்பு வழக்குகளை நடத்த நியமித்தார். வேறொருவராயின் அந்த வேலையோடு திருப்தியடைந்திருப்பார். இவரோ பிழைப்பையும் படிப்பையும் ஒருங்கே நடத்தி, 1865-ல் மெட்ரிகுலேஷன், 1866-ல் எப்.ஏ., 1868-ல் பி.எல். என்று பரீட்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, 1869-ல் மதுரையில் வக்கீலாகப் பதிவு பெற்றார். பதவியாலும் குடும்பச் செல்வத்தாலும் மேலே வந்தவரல்லர் அவர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மதுரையில் அவர் நடத்திய பதினாறு வருஷத் தொழில் அவருக்குப் பொருளும் புகழும் ஈட்டித் தந்தது. நகரசபை அங்கத்தினராயிருந்து ஊர்ப் பொதுவேலைகளிலும் ஈடுபட்டார். 1884-ல் சென்னைச் சட்டசபையில் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தினராக நியமனம் பெற்றார். அவ்வருஷமே அவருடைய மனைவி காலமானார். மறுவருஷம் சென்னைக்கு வந்து ஹைக்கோர்ட்டில் தொழிலைத் தொடர்ந்தார். நண்பர்களும் பொதுமக்களும் அவரை மணி ஐயர் என்றே அழைத்தனர்.

பம்பாய்க் காங்கிரஸில் அவர் பேசியது சட்டசபைகளைப் பற்றிய தீர்மானத்தின்மீது என்பது குறிப்பிடத் தக்கது. சட்டசபைகளை விஸ்தரிக்க வேண்டும், அவற்றில் மக்கள் தேர்ந்தெடுக்கும் அங்கத்தினர்கள் இடம்பெற வேண்டும் என்று கோரிய அத்தீர்மானத்தை, நியமன அங்கத்தினராயிருந்த அவரே ஆதரித்துப் பேசினார். தாம் அமர்ந்திருந்த ஆசனத்தின் குறையைத் தாமே எடுத்துக் காட்டிய அச்செய்கையில், பிற்காலத்து மணி ஐயரின் சாயல் அப்பொழுதே தெரிகிறது.

1888-ல் அவர் சர்க்கார் வக்கீலானார். சென்னையில் அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. திவான் பகதூர் பட்டமும் ஸி.ஐ.இ. விருதும் தொடர்ந்து வந்தன. 1895-ம் வருஷம் ஜனவரி மாதம், சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகிய ஸர் தி. முத்துசாமி ஐயர் காலமானார். அப்பெரியாரின் ஆசனத்துக்கு மணி ஐயரே நியமிக்கப் பெற்றார். 1900-ல் கே.ஸி.ஐ.இ. பட்டம் கிடைத்து, ஸர் சுப்பிரமணிய ஐயரானார். 1904-ல் சென்னை சர்வகலாசாலையின் உபவேந்தர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

நீதிபதிகளின் நியமனத்தில் அக்காலத்திருந்த ஒரு தடையை இங்கே விளக்குவது அவசியம். ஹைக்கோர்ட்டுகளை ஏற்படுத்திய 1861-ம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டத்தின்படி, நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பாரிஸ்டர்களாயும், மூன்றில் ஒரு பங்கினர் ஸிவில் சர்வீஸைச் சேர்ந்தவர்களாயும் இருக்க வேண்டும். பிரதம நீதிபதியோ பாரிஸ்டராகவே இருந்தாக வேண்டும். இந்நாட்டிலேயே சட்டம் பயின்று, இந்நாட்டுக் கோர்ட்டுகளிலேயே பழகி உயர்ந்த வக்கீல் எத்துணைத் திறமைசாலியாயினும், பிரதம நீதிபதியின் ஆசனத்தில் நிரந்தரமாய் அமர இயலாது. விடுமுறைக் காலங்களில் தற்காலிகமாக அமரலாம், அவ்வளவுதான். மணி ஐயர் 1899, 1903, 1906 ஆகிய மூன்று வருஷங்களில் பிரதம நீதிபதியின் வேலையைப் பார்த்தார். மூன்று முறையும் எழுந்து வேறொருவருக்கு இடம் விட்டார். சென்னை ஹைக்கோர்ட்டில் ஓர் இந்தியர் நிரந்தரப் பிரதம நீதிபதியானது தேசம் விடுதலை பெற்றபின், 1948-ல், ஸ்ரீ பி. வி. ராஜமன்னார் நியமனம் பெற்றபோதுதான். சன்னது கிடைக்காமல் நின்ற குமாஸ்தாவுக்கும், பிரதம நீதிபதியின் ஆசனத்தை மூன்று முறை விட்டெழுந்த நீதிபதிக்கும் எதிரே நின்ற சுவர் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

அவருடைய தீர்ப்புக்கள் ஹிந்து தர்மசாஸ்திரத்தையும் அறநிலையங்களையும் பற்றிய வழக்குகளில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டு வந்தன. மடாதிபதி வெறும் தர்மகர்த்தாவா, அல்லது மடத்தின் சொத்தில் அவருக்கென்று தனி உரிமை உண்டா என்ற கேள்வி 1904-ல், வித்யாபூர்ண தீர்த்த சுவாமிகள் வழக்கில் எழுந்தது. மணி ஐயரும், அவரோடு அமர்ந்த பாஷ்யம் ஐயங்காரும், மடாதிபதியைச் சாதாரணத் தர்மகர்த்தாவாகக் கருதலாகாது என்று முடிவு கூறினர். ஐரோப்பியச் சட்டக் கருத்துக்களை அப்படியே கொணர்ந்து நம் ஸ்தாபனங்களின்மீது போர்த்துவதை விடுத்து, அவை நடைமுறையில் எவ்வாறு இயங்கி வந்திருக்கின்றன என்று பார்த்துத் தீர்மானிக்கும் முயற்சி அது. பிற்காலத்து நீதிமன்றங்கள் அம்முடிவை முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லையாயினும், அதைப் படியாமல் அக்கேள்வியை ஆராய்ந்தவர் இலர்.

பார்வை குன்றியதால் 1907-ல் அவர் பதவியிலிருந்து விலகினார். மறுவருஷம் சென்னை சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. பிரம்மஞான சங்கத்தில் அவர் முன்னரே ஈடுபட்டவராதலால், அதன் உபதலைவராகவும் சில காலம் இருந்தார். அன்னி பெசன்ட் அம்மையாரோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கம் இவ்வழி வந்ததே. 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸுக்கு வரவேற்புக் கமிட்டித் தலைவரானார். 1916-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பெசன்ட் அம்மையார் ஹோம்ரூல் லீகைத் தொடங்கியபோது, அதன் கௌரவத் தலைமையையும் ஏற்றுக்கொண்டார். தென்னாட்டின் முதுபெருங் கிழவரென்று மக்கள் அவரைப் போற்றினர். பென்ஷன் பெற்று, பட்டம் தாங்கி, மயிலாப்பூரில் கடலோர மாளிகையில் அமைதியாய்க் காலங்கழிக்க வேண்டிய வயதில், அரசியல் கிளர்ச்சியின் தலைவராக நின்றார்.

1917-ம் வருஷம் ஜூன் மாதம் லார்டு பென்ட்லண்டின் சென்னை சர்க்கார், பெசன்ட் அம்மையாரையும் அவருடைய சகாக்களான அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைத்தது. யுத்தகாலத்துக்கென்று 1915-ல் செய்யப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு ஆதாரம். குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை, நிர்வாக உத்தரவு ஒன்றே போதுமாயிருந்தது. பன்னிரண்டு வருஷம் நீதிபதியாயிருந்து, ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புமுன் அவன் செய்த குற்றம் யாது, அதற்குச் சாட்சி எங்கே, அவன் சொல்லும் மறுமொழி யாது என்று கேட்டுப் பழகிய ஒருவரின் கண்முன் இது நடந்தது. இதைக் கண்டு அவர் வாளாவிருந்திருந்தால், தாம் எழுதிய தீர்ப்புக்களுக்கே பொருளில்லாமற் போயிருக்கும்.

ஜூன் 24-ந் தேதி அவர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்ஸனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா அவ்வருஷம் ஏப்ரல் மாதந்தான் யுத்தத்தில் இறங்கியிருந்தது. ஜனநாயகம் உலகில் அச்சமின்றி நிலைபெறுவதற்காகவே தாம் போரில் இறங்குவதாக வில்ஸன் அறிவித்திருந்தார். அக்கொள்கை இந்தியாவுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதே மணி ஐயர் கேட்ட கேள்வியின் சாரம். அந்நிய மொழி பேசும் அதிகாரிகள் தம் விருப்பத்தை மக்கள்மீது சுமத்துவதையும், அவர்கள் பெறும் பெருஞ் சம்பளங்களையும், மக்களின் சம்மதமின்றி விதிக்கப்படும் வரிகளையும், கல்வியின்மையையும், தேசபக்தர்களைச் சிறையிலிடுவதையும் அவர் எடுத்துரைத்தார். பெசன்ட் அம்மையார் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டதையும் தெரிவித்தார்.

யுத்தகாலத் தணிக்கையின் கண்ணுக்குத் தப்பித் தபாலில் இப்படியொரு கடிதம் செல்வது அரிது. ஹாட்ச்னர் தம்பதிகள் என்னும் அமெரிக்கப் பிரம்மஞானிகள் இருவர் அதனைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தனர். அக்கடிதம் அந்நாட்டில் அச்சாகிப் பலர் கைக்கும் எட்டிற்று.

அக்கடிதத்தில் ராஜத்துரோகம் ஏதும் இருந்ததா? இதை நிதானமாய் ஆராய வேண்டும். பிரிட்டனுடைய எதிரிகளுக்கு அவர் எழுதவில்லை. அதனோடு தோளிணைந்து போரிட்ட நட்பு நாட்டின் தலைவருக்கே எழுதினார். பிரிட்டன் தோற்க வேண்டுமென்று அவர் விரும்பவில்லை. வெல்ல வேண்டுமென்றே விரும்பினார். சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால், மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரையும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 50 லட்சம் பேரையும் போர்முனைக்கு அளிக்க இந்தியா முன்வரும் என்று கூறினார். அடிமையாயிருப்பவன் பிறர் சுதந்திரத்துக்காக முழுமனத்தோடு போரிட மாட்டான் என்பதே அவர் வாதம்.

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நாம் அப்படியே ஏற்கவேண்டுமென்பதில்லை. அந்த யுத்தம் முழுவதிலும் இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்கள், போர்வீரர்களும் ஏவலாளர்களுமாக, 15 லட்சத்தை எட்டவில்லை. ஆறு மாதத்தில் ஒரு கோடி என்பது ஆர்வத்தில் எழுந்த கணக்கு. சிறைகளின் நிலையைக் குறித்தும் அவர் மிகக் கடுமையான சொற்களையே ஆண்டிருந்தார். கோர்ட்டில் வக்கீல் ஒருவர் இப்படி வாதித்திருந்தால், ஆதாரம் எங்கே என்று நீதிபதி மணி ஐயர் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் விசாரணையின்றி மூவர் காவலில் இருந்தனர் என்ற அடிப்படை உண்மையை எவரும் மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது.

இன்னொன்றையும் மறைப்பது முறையாகாது. ஹோம்ரூல் இயக்கத்தைச் சென்னை மாகாணத்தில் எல்லோரும் ஆதரித்தாரில்லை. 1916-ம் வருஷக் கடைசியில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றி, பிராமணரல்லாதார் அறிக்கையும் வெளியாயிற்று. சுயாட்சி வந்தால் அது உத்தியோகங்களையும் கோர்ட்டுகளையும் ஏற்கெனவே நிறைத்திருந்த ஒரு வகுப்பாரின் ஆட்சியாகவே முடியும் என்று அவர்கள் அஞ்சினர். மயிலாப்பூர் வக்கீல்களின் செல்வாக்கை நாள்தோறும் கண்டவர்களுக்கு அவ்வச்சம் எழுந்தது வியப்பன்று. அதைத் தீர்க்கும் மறுமொழி ஹோம்ரூல் தலைவர்களிடம் போதிய அளவு இருந்ததாக நாம் கூறமாட்டோம். சுயராஜ்யம் யாருக்கு என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. விசாரணையின்றி ஒருவரைச் சிறைவைக்கலாமா என்ற மணி ஐயரின் கேள்வியும் நியாயமானது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

1917-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி, பொறுப்பாட்சியைப் படிப்படியாய் இந்தியாவுக்கு அளிப்பதே பிரிட்டிஷ் கொள்கை என்று இந்தியா மந்திரி மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் பெசன்ட் அம்மையார் விடுதலையாகி, டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸில் தலைமை வகித்தார். தேசமெங்கும் எழுந்த கிளர்ச்சிக்கு இம்மாறுதல்களில் பங்குண்டு. மணி ஐயரின் கடிதம் ஒன்றே இவற்றைச் செய்தது என்று சொல்வது மிகையாகும்.

அவ்வருஷ டிசம்பரில் மாண்டேகுவும் வைசிராய் லார்டு செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தபோது, சீர்திருத்தங்களைப் பற்றி அபிப்பிராயம் தெரிவிக்க மணி ஐயரும் அழைக்கப்பட்டார். யோசனை கேட்க அழைத்த இடத்தில், கடிதம் எழுதியதற்காக வைசிராய் அவரைக் கடிந்து பேசினார். 75 வயது முதியவர் அதைப் பொறுத்துக்கொண்டார். 1918-ம் வருஷம் ஜூன் மாதம் காமன்ஸ் சபையில் கேள்வி எழுந்தபோது, மாண்டேகு அக்கடிதத்தை வெட்கக்கேடானதென்றும், அதிலுள்ள கூற்றுக்கள் ஆதாரமற்றவையென்றும் பகிரங்கமாய் இகழ்ந்தார்.

மணி ஐயர் செய்த மறுமொழி சுருக்கமானது. திவான் பகதூர், கே.ஸி.ஐ.இ. என்ற பட்டங்களைத் துறப்பதாகச் சர்க்காருக்கு எழுதி அறிவித்துவிட்டார். அன்று முதல் அவர் ஸர் சுப்பிரமணிய ஐயர் அல்லர். டாக்டர் சுப்பிரமணிய ஐயர். சர்வகலாசாலை கல்விக்காக அளித்ததை மட்டும் வைத்துக்கொண்டு, சர்க்கார் தயவால் அளித்ததைத் திருப்பிவிட்டார்.

காலத்தைக் கவனிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் கவி ரவீந்திரநாத தாகூர் தம் ஸர் பட்டத்தைத் துறந்தது 1919-ம் வருஷம் மே மாதக் கடைசியில். பட்டங்களைத் துறக்கும்படி மகாத்மா காந்தி தேசத்தாரை அழைத்தது 1920-ல். இவ்விரண்டுக்கும் முன்னரே, மதுரையில் தந்தையில்லாப் பிள்ளையாய் வளர்ந்த ஒரு தமிழர் அச்செயலைச் செய்து முடித்திருந்தார். தாகூரின் துறவைத் தேசத்துப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், படிக்க வேண்டியதுதான். மணி ஐயரின் துறவைத் தமிழ்ப் பிள்ளைகள்கூட அறியாதிருப்பது நம் குறையேயன்றி வேறன்று.

1924-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, 82-வது வயதில் அவர் காலமானார். சுயராஜ்யத்தை அவர் காணவில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி இவ்வாறு அரசியலில் இறங்கலாமா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. நீதிபதியின் பெருமை நடுநிலைமையில் இருக்கிறது. அவர் கட்சி சேர்ந்தால், முன்பு எழுதிய தீர்ப்புக்களையும் மக்கள் ஐயுற நேரும் என்பது அவர்கள் வாதம். அதை நாம் இலேசாய்த் தள்ளுவதற்கில்லை. ஆனால் மணி ஐயர் அதிகாரத்தின் பக்கம் சென்று பதவி தேடவில்லை; அதிகாரத்தின் எதிரே நின்று, உள்ளதையும் இழந்தார். பதவிக் காலம் முடிந்தபின் சர்க்கார் தரும் புதிய உத்தியோகங்களை நீதிபதிகள் ஏற்கலாமா என்ற விவாதம் சுதந்திர இந்தியாவிலும் அடிக்கடி எழுகின்றது. ஓய்வுக்குப்பின் ஒரு நீதிபதி எதைப் பெற்றார் என்று மட்டும் பாராமல், எதைக் கொடுத்தார் என்றும் பார்த்தால், எது தகும், எது தகாது என்பது ஓரளவு தெளிவாகும்.

அவர் எழுப்பிய கேள்வியும் அவரோடு மறைந்துவிடவில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை நம் அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து, சில நிபந்தனைகளோடு, ஒப்புக்கொள்கிறது. குடியரசு ஏற்பட்ட 1950-ம் வருஷத்திலேயே, சென்னை ராஜ்யத்தில் காவலில் வைக்கப்பட்ட ஸ்ரீ ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், தடுப்புக் காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், 1982-ல் தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டமும் வந்தன. 1917-ல் அந்நிய சர்க்கார் கைக்கொண்ட முறையை, மக்கள் தேர்ந்தெடுத்த சர்க்கார்களும் முற்றும் கைவிடவில்லை. இன்றுள்ள சட்டங்களில் ஆலோசனைக் குழு உண்டு, கால எல்லை உண்டு, ஹைக்கோர்ட்டில் முறையிட வழியுண்டு. இவை பெரிய வேறுபாடுகளே. ஆயினும், குற்றம் யாது, சாட்சி எங்கே என்று கேட்குமுன் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் உத்தரவு எந்தக் கையினின்று வந்தாலும், அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதே மணி ஐயரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம். அந்நியர் செய்தபோது அநீதியாயிருந்தது, நம்மவர் செய்யும்போது நீதியாகிவிடாது.

ஆவடியில் ரயிலேறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், சிறிது தூரத்தில் ஹைக்கோர்ட்டின் செந்நிறக் கோபுரங்கள் தென்படும். 1892-ல் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தில்தான் மணி ஐயர் நீதிபதியாய் அமர்ந்தார். கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே சென்றால், சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தருகே அவருடைய உருவச்சிலை நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் வேலைக்கும் படிப்புக்கும் செல்வோர் பல்லாயிரவர். அவர்களில் சிலரேனும் ஒரு நாள் அச்சிலையின் முன் நின்று, இவர் யார் என்று கேட்க வேண்டும். சட்டம் பயிலும் மாணவர்கள் அவருடைய தீர்ப்புக்களோடு 1917-ம் வருஷக் கடிதத்தையும், அதைப் பற்றிக் காமன்ஸ் சபையில் நடந்த விவாதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றைத் தமிழில் ஒரு நூலாய்த் தொகுத்து வெளியிடுவது நம் சர்வகலாசாலை செய்யத்தக்க பணி. அவரை உபவேந்தராகப் பெற்றதும், அவர் கடைசிவரை வைத்துக்கொண்ட ஒரே பட்டத்தை அளித்ததும் அந்தச் சர்வகலாசாலையே அன்றோ?